கடல் தாண்டிய தாளம் – 11: அப்பா உட்கார்ந்த இடத்தில் மகன்

1978-இல் சக்தி இசைக்குழு கலைந்தது என்ற இடத்தில் சென்ற பகுதி நின்றது. மூன்றே மூன்று இசைத்தட்டுகள். 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில், சௌத்தாம்ப்டன் கல்லூரி மேடையில் பதிவானது முதல் தட்டு. 1976-இல் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, 1977-இல் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’. அதோடு சரி.

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் மின்கிதாரால் பெரிய பெரிய அரங்குகளை அதிர வைத்த ஜான் மெக்லாஃப்ளின், மின்சாரமில்லாத கிதாரை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததை அவருடைய ராக் ரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. தட்டு விற்ற கம்பெனிக்கும் அது ருசிக்கவில்லை. அவர் மின்கிதாருக்கே திரும்பினார். 1978-இல் வந்த தட்டுக்கு ‘எலெக்ட்ரிக் கிதாரிஸ்ட்’ என்று பெயர் வைத்ததைப் பார்த்தால், போதுமப்பா என்று யாருக்கோ பதில் சொன்ன மாதிரி இருக்கிறது. வயலின் எல். சங்கர் கொஞ்ச காலம் அவரோடு மின்சாரக் குழுவிலும் வாசித்தார். கடம் விக்கு விநாயக்ராமுக்குச் சென்னையில் அப்பா டி.ஆர். ஹரிஹர சர்மா 1958-இல் தொடங்கிய ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயா இருந்தது. ஜாகிர் உசேனின் தபலாவுக்கு உலகம் முழுவதும் மேடை இருந்தது. எல்லோருக்கும் வேறு வேலை இருந்ததால் சக்தி இல்லாமல் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தொன்பது வருஷம் கழித்து அது திரும்பி வந்தது. வந்தது ஒரு தரம் மட்டும் அல்ல. போய்ப் போய் வந்தது. பழைய குழுக்கள் உயிர்த்தெழுவதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள்: இளமையில் கேட்ட ரசிகனுக்கு நாற்பது வயதாகிறது, கையில் காசு புரள்கிறது, பழைய தட்டெல்லாம் சிடியாக வருகிறது, நரைத்த தலைகளை மறுபடி மேடையேற்ற ஒரு சந்தை உண்டாகிறது. சக்தியின் விஷயத்தில் இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க, மெக்லாஃப்ளின் பிறந்த நாட்டின் இன்னொரு மூலைக்குப் போய்விட்டு வரவேண்டும்.

கேண்டர்பரி, தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு கோயிலூர். 1170-இல் அங்கே தாமஸ் பெக்கெட் என்ற பேராயர் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் யாத்ரீகர்கள் நடந்தே வந்த ஊர். விளைந்ததில் முதல் தானியத்தையும் ஈன்றதில் முதல் கன்றையும் கொண்டுவந்து விடும் கூட்டம் நம் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளுக்கு எப்படியோ, அப்படி அந்த ஊருக்கும் வருகிறவர்கள்தான் பிழைப்பு. அந்த மாதிரி ஊரில் பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் 1964-இல் ‘வைல்ட் ஃபிளவர்ஸ்’ என்று ஒரு குழு கட்டினார்கள். அது பெரிய புகழ் ஒன்றும் அடையவில்லை. ஆனால் அது உடைந்து, 1966-இல் ‘சாஃப்ட் மெஷின்’, 1968-இல் ‘கேரவன்’ என்று இரண்டு கிளை விட்டது. அந்தக் கிளைகளிலிருந்தும் பக்கத்திலிருந்தும் ‘ஹாட்ஃபீல்ட் அண்ட் த நார்த்’, ‘நேஷனல் ஹெல்த்’ என்று குருத்துகள். ராக்கின் சத்தம், ஜாஸின் கற்பனை, கொஞ்சம் கிண்டல், எண்ணிக்கை பிசகாத தாளக் கணக்கு: இதுதான் கேண்டர்பரிக்காரர்கள் என்று பின்னால் ஒரே பெயரில் அழைக்கப்பட்டவர்களின் சரக்கு.

தாளக் கணக்கு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அதே வட்டத்தில் வைத்துப் பேசப்படும் ‘எக்’ என்ற குழு, 1969-இல் ‘செவன் இஸ் எ ஜாலி குட் டைம்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டது. ஏழு எண்ணி வாசிப்பது எவ்வளவு ஜாலி என்பதுதான் விஷயம்! மிஸ்ர சாபில் தினம் நாலு கீர்த்தனை கேட்கிற நம் ஆட்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் நாலையே எண்ணிப் பழகிய ராக் ரசிகனுக்கு ஏழு அன்று பெரிய துணிச்சல்.

எழுபதுகளின் பிற்பகுதியில் பங்க் வந்தது. மூன்று கார்ட் (chord) தெரிந்தால் போதும், கோபம் இருந்தால் போதும் என்று சொன்ன பையன்களுக்கு முன்னால் பதினொன்றும் ஒன்பதும் எண்ணிக்கொண்டிருந்த கேண்டர்பரி கிழடு தட்டிப் போனதாகத் தெரிந்தது. குழுக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1990-இல் கேரவனின் பழைய நால்வரும் மறுபடி ஒரே மேடையில் ஏறினார்கள். 2004-இல் பழைய சாஃப்ட் மெஷின்காரர்களான எல்டன் டீன், ஹியூ ஹாப்பர், ஜான் மார்ஷல், ஜான் எதரிட்ஜ் நால்வரும் ‘சாஃப்ட் மெஷின் லெகஸி’ என்று சேர்ந்தார்கள். 2006-இல் டீன் காலமானார். சாக்ஸஃபோனுக்குத் தியோ டிராவிஸ் வந்தார். 2009-இல் ஹாப்பரும் போனார்; பேஸ் கிதாருக்கு ராய் பாபிங்டன் வந்தார், அவரும் எழுபதுகளின் ஆள்தான். 2015-இல் பெயரிலிருந்த ‘லெகஸி’யை வெட்டிவிட்டு வெறும் சாஃப்ட் மெஷின் ஆனார்கள். 1966-இல் சாஃப்ட் மெஷினைத் தொடங்கிய நால்வரில் ஒருவரும் அதில் இல்லை. தொடக்கத்தில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடிய ராபர்ட் வையட், 1973-இல் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். அதன்பின் அவர் தனி வழியில் அற்புதமான பாட்டுகள் செய்தாரே தவிர இந்தப் பக்கம் வரவில்லை.

ஆக, காலியான இடத்தில் இன்னொருவரை உட்கார வைப்பது அங்கேயும் நடந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் அதே வயது, அதே காலம், அதே கூட்டாளிகள். அப்பா எழுந்து மகன் உட்காரவில்லை.

மெக்லாஃப்ளின் யார்க்‌ஷயர்க்காரர். கேண்டர்பரியோடு ஒட்டு உறவு இல்லை. லண்டன் கிளப்புகளில் வளர்ந்தவர். 1969 தொடக்கத்தில் லண்டனில் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ பதிவை முடித்த கையோடு நியூயார்க் போய் மைல்ஸ் டேவிஸின் பதிவுக்கூடத்தில் உட்கார்ந்தார். பிறகு மகாவிஷ்ணு. பிறகு கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை. அங்கேதான் எல். சங்கர் கிடைத்தார் என்பதும், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை வந்த பிள்ளை அவர் என்பதும் ஏழாம் பகுதியிலேயே வந்துவிட்டது.

1997-இல் சக்தியை மறுபடி கூட்டியபோது அந்தச் சங்கர் அதில் இல்லை. வயலின் இருந்த இடத்தில் புல்லாங்குழல். வாசித்தவர் ஹரிபிரசாத் சௌராசியா. பெயரும் ‘ரிமெம்பர் சக்தி’, சக்தியை நினைத்துக்கொள் என்று. இங்கிலாந்தில் அந்தச் செப்டம்பரில் செய்த பயணத்தில் பதிவானது 1999-இல் இரண்டு சிடியாக வந்தது. அதில் ஒரு உருப்படி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. எனக்கு இது சக்தி மாதிரியே இல்லை. அழகு இருக்கிறது, நிதானம் இருக்கிறது, பழைய காய்ச்சல் இல்லை. சௌராசியாவின் குழல் இந்துஸ்தானி வழக்கப்படி ஆலாபை விரித்து மெல்ல மெல்ல ஏறும். கிதார் அதற்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும். முதல் சக்தியில் வயலினும் கிதாரும் ஒன்றையொன்று துரத்திய ஓட்டம் இதில் கிடையாது. இப்படியே போயிருந்தால் இங்கிலாந்தின் பழைய குழுக்களைப் போலச் சக்தியும் ஒரு நினைவஞ்சலியாக முடிந்திருக்கும்.

அடுத்த பயணத்தில் இரண்டு இடங்கள் மாறின. விக்கு எழுந்தார், அவர் மகன் வி. செல்வகணேஷ் உட்கார்ந்தார். குழல் போய் மாண்டலின் வந்தது, உ. ஸ்ரீநிவாஸ் வந்தார். 1999-இன் கச்சேரிகளில் பதிவான ‘த பிலீவர்’ 2000-இல் வெளிவந்தது. அங்கேதான் மறுபிறவி நிஜமாகத் தொடங்குகிறது என்பேன்.

அப்பா கடம், மகன் முக்கியமாக எடுத்தது கஞ்சிரா. இரண்டும் கச்சேரியில் உப பக்கவாத்தியங்கள். மிருதங்கக்காரர் கண் காட்டினால் வாசிக்கவேண்டும், இல்லாவிட்டால் கை கட்டவேண்டும். கஞ்சிரா பஜனைக் கூடத்திலிருந்து கச்சேரி மேடைக்கு வந்ததே புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் கைவண்ணத்தால். பலா மரச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கட்டிய உடும்புத் தோல், சட்டத்தின் பிளவில் ஒரு ஜோடி சலங்கைக் காசு. உள்ளங்கை விரித்த அளவுதான். ஒரு கையால் பிடித்து மறு கையால் மட்டும் வாசிக்கவேண்டும். தோலின் உள்பக்கம் தண்ணீர் தடவினால் சுருதி இறங்கி, அதிலிருந்து கும்மென்று ஒரு அடிக்குரல் வரும். உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் இப்போது வேறு தோலும் செயற்கைத் தோலும் போடுகிறார்கள். செல்வகணேஷ் தாத்தாவிடமும் அப்பாவிடமும் படித்ததோடு, ஜி. ஹரிசங்கரிடமும் கஞ்சிராப் பாடம் கேட்டவர். தமிழ்ப் பட ரசிகர்களுக்கு இவரை இன்னொரு வழியிலும் தெரியும்: ‘வெண்ணிலா கபடிக்குழு’வின் இசையமைப்பாளர்.

1975-இலேயே சக்தி செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான்: கடத்தைப் பின்வரிசையிலிருந்து எடுத்துத் தபலாவுக்குச் சரியாக முன்வரிசையில் வைத்தது. முதல் தட்டில் மிருதங்கம் வாசித்த ராமநாதபுரம் வி. ராகவன் விலகியபின், தென்னகத் தாளத்தின் முழுப் பாரமும் ஒரு கடக்காரர் தோளில் விழுந்தது. விக்கு தாங்கினார். 1999-இல் அந்தப் பாரம் மகனுக்கு வந்தபோது, பானைக்குப் பதில் உள்ளங்கை அகலத் தோல். ஜாகிரின் இரண்டு கைக்கு இவர் ஒற்றைக் கையால் பதில் சொல்லும் இடங்களைக் கேட்கவேண்டும். எது தபலா, எது கஞ்சிரா என்றே சில கணம் பிடிபடாது.

இது எப்படிச் சாத்தியம்? தாளம் அவர்களுக்கு வாயில் இருக்கிறது. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நாலு, தகதகிட என்றால் ஐந்து. தவில் கற்கும் பையனும் மிருதங்கம் கற்கும் பையனும் தோலைத் தொடுமுன் நாக்கில் பழகுவது இதைத்தான். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். ஒவ்வொன்றையும் நாலாகப் பகுத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. அதில் தகிட என்று பத்து முறை சொல்லி, கடைசியில் தக என்று ஒரு இரண்டைச் சேர்த்தால் 32 நிறைந்து சமத்தில் வந்து விழும். நடுவில் கேட்கிறவனுக்குத் தாளம் கழன்று எங்கேயோ ஓடுகிற பதற்றம். வாசிக்கிறவனுக்குக் கணக்கு உள்ளங்கையில். ஜாஸில் டிரம்ஸ்காரர் எங்கே திரும்புவார் என்பது கூட இருப்பவர்களின் காதும் கண்ணும் பழக்கமும் பிடித்துக்கொள்ளவேண்டிய சங்கதி. சக்தியில் எல்லோருக்கும் ஒரே கணக்கு ஓடுகிறது. எந்த ஊரில் பிறந்தாலும், எந்த வயதானாலும். மெக்லாஃப்ளின் இதை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போனவரல்ல. 2007-இல் செல்வகணேஷோடு சேர்ந்து, தாளத்தை இப்படி வாயால் சொல்லும் கொன்னக்கோலை மேலைநாட்டு மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ‘கேட்வே டு ரிதம்’ என்ற பாடத்தையே டிவிடியாக வெளியிட்டார். அறுபத்தைந்து வயதில் வெள்ளைக்காரக் கிதார்க்காரர் ஒருவர், தன் பழைய கூட்டாளியின் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தகதிமி சொல்லித்தருகிறார்.

நம் பக்கத்துத் தேர்த் திருவிழாக்களில் மேள செட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் குறைவாகத்தான் இருக்கும். அப்பா தவில், பையன் தாளம். பத்து வருஷம் போனால் பையன் தவில், அப்பா பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு. ஆள் மாறியதைப் பெருமாள்கூடக் கண்டுகொள்ளமாட்டார். இந்த ஏற்பாட்டுக்குள் சாதியும் குடும்ப வட்டமும் போட்ட வேலிகள் உண்டு. வெளியே நின்று ஏங்கிய பிள்ளைகள் எத்தனையோ. அதை ஐந்தாம் பகுதியில் விரிவாகப் பார்த்தோம், மறப்பதற்கில்லை. ஆனால் கேண்டர்பரிக்குக் கிடைக்காத ஒன்று சக்திக்கு இதன் வழியாகக் கிடைத்தது. மகன் பழைய சக்தியின் ரசிகனாக வரவில்லை. அப்பா போன அதே பள்ளிக்குப் போய்விட்டு, அதே பாடத்தின் அடுத்த பக்கத்தைத் திறக்க வந்தார்.

மாண்டலின் கதை வேறு. ஸ்ரீநிவாஸுக்குப் பரம்பரை வாத்தியம் கிடையாது. கர்நாடக இசையில் அந்த வாத்தியத்துக்கே அப்போது பரம்பரை கிடையாது. ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து, குரு ருத்ரராஜு சுப்பராஜு பாடிக் காட்டியதை மாண்டலினில் பிடித்த பிள்ளை. மாண்டலினின் இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்து கம்பியாக்கி, மின்சாரம் சேர்த்துக்கொண்டார். காரணம் கமகம். மெட்டுகள் பதித்த வாத்தியத்தில் சுரம் மெட்டுக்கு மெட்டு தாவும், வளையாது. கம்பியை இழுத்துத்தான் வளைக்கவேண்டும், இரட்டைக் கம்பியை இழுப்பது கஷ்டம். இதே சங்கடம்தான் மெக்லாஃப்ளினுக்கும். முதல் சக்திக்காக அவர் செய்வித்த கிதாரில், மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள், கம்பியை ஆழமாக அமுக்கி வளைக்க வசதியாக. சுருதிக்கென்று குறுக்கே தனிக் கம்பிகளும் உண்டு. ஒரே சிக்கலை வேறு வேறு ஊரில் வேறு வேறு வழியில் அவிழ்த்த இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ‘த பிலீவ’ரில் அவர்கள் இருவரும் மாற்றி மாற்றி வாசிக்கும் இடங்களில்தான் 1975-இன் காய்ச்சல் திரும்ப வருகிறது.

2000 டிசம்பரில் மும்பையில் பதிவான ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’யில் விருந்தாளிகள் நிறைய. அவர்களில் பாடகர் சங்கர் மகாதேவன், பிறகு குழுவின் நிரந்தர ஆளானார். ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் பாடியதற்குத் தேசிய விருது வாங்கிய அதே குரல். குரல் வந்ததும் கைதட்டல் கூடியது. பழைய சக்தியின் அடையாளங்களில் ஒன்று தொலைந்தது என்றும் சொல்லவேண்டும். வார்த்தை இல்லாத இசையில் கேட்கிறவனுடைய காது நாலு வாத்தியத்துக்கும் அலையும். குரல் ஒன்று நடுவில் நின்றால் மற்றதெல்லாம் தானாகப் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறது. ஆனால் அவர் சரளமாக சுரம் பாடி, சொற்கட்டும் சொல்லக்கூடியவர். ஸ்ரீநிவாஸோடு சுரத்துக்குச் சுரம் மல்லுக்கட்டும்போது என் குறை எனக்கே மறந்துவிடுகிறது.

2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் ஸ்ரீநிவாஸ் காலமானார். வயது 45. கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல்.

அந்த இடத்தை வருஷக்கணக்கில் யாராலும் நிரப்ப முடியவில்லை. தாளத்துக்குப் பள்ளி இருந்தது, தாத்தா இருந்தார், பாடம் இருந்தது. தானே வாத்தியத்தைத் திருத்திக்கொண்ட ஒருவருக்கு வாரிசு அவ்வளவு சுலபமாக வராது. கடைசியில் அந்த இடம் மாண்டலினிடமிருந்து வயலினுக்கே திரும்பியது. கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலன் வந்தார். எல். சங்கர் எழுந்த இடத்தில், நடுவே குழலும் மாண்டலினும் வந்துபோய், நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடி ஒரு சென்னை வயலின்.

2023 ஜூன் 30 அன்று ‘திஸ் மொமென்ட்’ வந்தது. பெயரிலிருந்த ‘ரிமெம்பர்’ இப்போது இல்லை, வெறும் ‘சக்தி’. ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ வந்த 1977-க்குப் பின், 46 வருஷம் கழித்து அந்தப் பெயரில் வந்த முதல் ஸ்டூடியோ தட்டு இதுதான். கொரோனாக் காலத்து வேலை. ஐந்து பேரும் அவரவர் ஊரிலிருந்து பதிவு செய்து அனுப்ப, ஒட்டிச் சேர்த்தது. எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணால் பேசி, கடைசி நொடியில் தீர்மானத்தை மாற்றி வாசித்த ஒரு குழுவுக்கு இது கொஞ்சம் விபரீதமான ஏற்பாடு. கேட்டால் கச்சிதம் தெரிகிறது, ஆபத்து தெரியவில்லை. கணக்கு பொதுவாக இருந்ததால்தான் இதுவாவது நடந்தது என்பதையும் மறுக்க முடியாது. தாளம் வாயில் இல்லாதவர்கள் ஐந்து ஊரிலிருந்து இப்படி ஒட்டியிருந்தால் தையல் தெரிந்திருக்கும்.

அதே வருஷம் ஐம்பதாம் ஆண்டுப் பயணமாக இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஐவரும் நேரில் வாசித்தார்கள். மெக்லாஃப்ளினுக்கு அப்போது 81. 2024 பிப்ரவரி 4 அன்று ‘திஸ் மொமென்’ட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. ஜாகிருக்கு அந்த ஒரே இரவில் மூன்று. மற்ற இரண்டில் அவரோடு பங்கு பெற்றவர்களில் ஒருவர் குழல் ராகேஷ் சௌராசியா. 1997-இல் சக்தியில் குழல் வாசித்த ஹரிபிரசாதின் சகோதரர் மகன். விக்குவுக்கு ‘பிளானட் டிரம்’ தட்டுக்காக 1992-இல் வந்த கிராமிக்கு முப்பத்திரண்டு வருஷம் கழித்து, மகன் செல்வகணேஷுக்கும் ஒன்று.

2024 டிசம்பர் 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜாகிர் உசேன் காலமானார், 73 வயதில். 1975-இல் லாங் ஐலண்ட் மேடையில் இருந்தவர்களில் 2023 பயணம்வரை தொடர்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் அவரும் மெக்லாஃப்ளினும் மட்டுமே. தபலாவின் இடம் இதுவரை ஒரு தரம்கூட மாறாத இடம். அதற்குப் பின்னால் ஒரு பெரிய பஞ்சாப் கரானா இருக்கிறது. அப்பா அல்லா ரக்கா மும்பையில் சொல்லிக்கொடுத்த சீடர்கள் இருக்கிறார்கள், ஜாகிரின் தம்பிகள் இருக்கிறார்கள். சென்னையில் விக்குவின் பேரன் தலைமுறை கஞ்சிராவும் கடமும் கற்று மேடையேறிவிட்டது.

அடுத்த பகுதியில் மானாமதுரைக்குப் போகிறோம்: கச்சேரிக் கடத்துக்கு மண் பிசைகிற வீடுகளுக்கு.

(தொடரும்)